கார்புஸின் இரண்டு சாட்சிகள்

கபுவா நகரத்துச் சலவைக் கடையில் என்னோடு அழுக்கு எடுக்கும் மூத்திரத் தொட்டியில் இறங்கித் துணி மிதித்தவன் கார்புஸ். இருவரும் ஒரே எஜமானின் அடிமைகள். வாலிபத்தில் அவனைக் குத்துச்சண்டையில் இறக்கிக் காசு பார்த்தார்கள். மூக்கு உடைந்ததும் தொட்டிக்குத் தள்ளிவிட்டார்கள்.

பக்கத்து வீட்டுச் சமையல்காரி தீகே அவனுக்குப் பெண்டாட்டி மாதிரி. அடிமைக்குக் கல்யாணம் ஏது? அவளுடைய கிழட்டு எஜமான் சாப்பிட்ட கையோடு செத்துப்போனான். விஷம் வைத்தாள் என்று அவளைப் பிடித்தார்கள். சமையல் நடந்த அந்தச் சாயங்காலம் முழுக்க அவள் அடுப்பை வேறு ஆளிடம் விட்டுவிட்டு கார்புஸோடு ஊற்றடியில் இருந்தாள். அதைச் சொல்ல அவனை விட்டால் வேறு ஆள் இல்லை.

எங்கள் சட்டத்தில் அடிமையின் சாட்சி வதைமேடையில் ஏற்றிக் கேட்டால்தான் செல்லும். வலித்தால்தான் உண்மை வருமாம். நாசமாய்ப் போன சட்டம்.

"வேணான்டா, கையப் பிடுங்கிப்புடுவானுங்க," என்றேன்.

"குத்து வாங்காத உடம்பாண்ணே இது? எத்தன தடவ கேட்டாலும் அவ எங்கூடத்தான் இருந்தான்னு சொல்லுவேன்."

முதல் நாள் அப்படியே சொன்னான். மறுநாள் கையைக் கட்டிய கயிற்றை இன்னும் முறுக்கியதும், "அவள நான் பாக்கவே இல்ல" என்றானாம். எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்: ரெபுக்னாந்தியா. எங்கள் லத்தீன் பேச்சில் புக்னுஸ் என்றால் முஷ்டி. அதிலிருந்து சண்டை, முன்னால் 'ரெ' சேர்ந்தால் எதிர்த்து அடிப்பது. இவன் பேச்சை இவன் பேச்சே குத்துகிறது, ஆகவே இரண்டும் செல்லாது என்றார். தீகேயைச் சிலுவையில் ஏற்றினார்கள்.

கார்புஸ் திரும்பி வந்தபோது விரல்கள் மடங்கவில்லை. "நான் சொல்லலண்ணே. அதுவா வந்துருச்சு," என்று அழுதான். நானும் அழுதேன்.

சில மாதம் கழித்து அந்த வக்கீலின் மேலங்கி வெளுப்புக்கு வந்தது. இன்னாருடையது என்று எஜமான் சொல்லித்தான் போட்டார். கார்புஸ் அதன்மேல் கால் வைத்ததும் வாந்தி எடுத்தான். அத்தனை வருஷ மூத்திர நாற்றத்தில் ஒருநாளும் குமட்டாதவன். வயிறு இப்படி முரண்டு பிடித்தால் அதற்கும் எங்கள் ஆட்கள் வக்கீல் சொன்ன அதே ரெபுக்னாந்தியாவைத்தான் சொல்வார்கள்.

எஜமான் பிரம்போடு வந்தார். "என்னடா பண்ற?"

"நான் ஒண்ணும் பண்ணல எஜமான். அதுவா வருது."

முதுகில் அடி விழுந்தது. தடுக்கக்கூட அவன் கை எழவில்லை. மறுபடி மிதித்தான், மறுபடி வாந்தி எடுத்தான்.