பின்படலையில் நின்ற மரியதாஸ் அண்ணை

போன செவ்வாய் காலை எஸ்-பான் ரயிலில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மனைவி தொலைபேசியில் அழைத்தாள். "மரியதாஸ் அண்ணை மோசம் போயிட்டாராம். செத்து, வீட்டிலை தனியக் கிடந்தவராம், ரெண்டு நாளா." அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கிருந்த வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். அன்று வேலைக்குப் போகவில்லை.

ஹம்பேர்க் தமிழர் பலருக்கு அவர் துறைமுகத்தில் வேலை செய்த, அதிகம் பேசாத தனிக்கட்டை. 1960களில் இங்கிலாந்துக்குப் படிக்கப் போய், படிப்பை விட்டுவிட்டு, வெட்டவெளி இசைவிழாக்களுக்கு வேலி போடும் ஆட்களோடு சேர்ந்தவர் என்பது சிலருக்கே தெரியும். தொடக்கத்தில் ஜாஸ் மட்டுந்தானாம். "சனம் புல்லிலை துணி விரிச்சுச் சாப்பிட்டுக்கொண்டு கேக்கும். வேலியெண்டு ஒரு கயிறுதான்" என்பார். பிறகு ரொக் இசைக்குழுக்கள் மேடையேறின. ஜாஸ்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒதுங்க, நுழைவுச்சீட்டில்லாத இளசுகள் திரண்டு வந்தார்கள். கயிறு இருந்த இடத்தில் தகரம் வந்தது. "நான் வேலியைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். ஒரு பாட்டும் முழுசாக் கேக்கேல்லை" என்று சிரிப்பார்.

ஐந்து வருடங்களுக்கு முன் நகருக்கு வெளியே ஒரு திடலில் எங்கள் சங்கம் நடத்திய கோடை இசைவிழா, சங்கத்தவரான உங்களுக்கு நினைவிருக்கும். நான் செயலாளர். திடலின் பின்வாசலில் இருந்த படலைக்கு அப்பால் பெருந்தெரு. பிள்ளைகள் ஓடிவிடுவார்கள் என்று, ஒருவரும் வரமுதல் படலையைக் கம்பியால் வரிந்து கட்டினேன்.

"தம்பி, கட்டாதையும். நான் நிண்டு பாக்கிறன்" என்றார் அண்ணை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வேலிக்குப் பேர்போன யாழ்ப்பாணத்தானுக்கு வேலி கட்டப் படிப்பிக்க வாறியளோ? உங்கடை அலுவலைப் பாருங்கோ!"

அவர் கம்பி வெட்டும் குறடொன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றார். மதியச் சாப்பாட்டுக்கும் வரவில்லை.

பின்னேரம் புயல் அடித்தது. மேடைக் கூடாரம் சரிய, சனம் கார்கள் நின்ற பக்கமாகப் பின்படலைக்கு ஓடியது. எல்லாருக்கும் முன்னால் என் மகள். நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணை கம்பியை வெட்டிக்கொண்டிருந்தார். கையெல்லாம் இரத்தம். பாவி நான், மூன்று சுற்றுச் சுற்றியிருந்தேன். படலை திறந்தபோது நெரிசலில் மகளின் தோளெலும்பு முறிந்திருந்தது. மூச்சு இருந்தது.

ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது, நான் கேளாமலே சொன்னார்.

"அங்கை, இங்கிலாந்திலை, நானும் இப்பிடித்தான் கட்டினனான். சீட்டில்லாதவை பிச்சுக்கொண்டு வருகினம் எண்ட ரோசத்திலை ரெண்டு சுத்துக் கூட. பெடியள் ஏறிநிண்ட லைற் கோபுரம் விழ, சனம் படலைக்கு ஓடி வந்தது. ஒரு இளம் பெட்டை தகர இடுக்காலை என்ரை கையைப் பிடிச்சவள். பிறகு விட்டிட்டாள்."

அவள் பெயர்கூட அவருக்குத் தெரியாது. அந்த மாதமே கப்பலில் வேலைக்குச் சேர்ந்து, கடைசியில் ஹம்பேர்க்கில் இறங்கியிருக்கிறார்.

அடுத்த கிழமை சங்கக் கூட்டத்தில், படலையைக் கட்டியது யார் என்று கேட்டீர்கள். என் வாய் திறக்கவில்லை. "நான்தான் கட்டினனான்" என்று எழுந்தார் அண்ணை. நாள் முழுக்க அங்கே நின்றவர் அவர்தானே, எல்லாரும் நம்பினீர்கள். ஒருவர் "கொலைகாரன்" என்று கத்தினார். இனி விழாப்பக்கம் வரவேண்டாம் என்று சங்கம் அவருக்கு அனுப்பிய கடிதத்தில் கையெழுத்திட்டவன், செயலாளராகிய நான்.

வாசலில் அவரைப் பிடித்து, "ஏன் அண்ணை?" என்றேன்.

"அங்கை கட்டினதுக்கு என்னை ஒருத்தரும் கேக்கேல்லை தம்பி. இதுக்காவது கேக்கட்டும். நீர் பிள்ளையைப் பாரும்."

அதன்பிறகு நீங்கள் யாரும் அவர் வீட்டுப்படி மிதிக்கவில்லை. நானும் போகவில்லை. வெட்கம். அதனால்தான் அந்த இரண்டு நாளும் ஒருவருக்கும் தெரியாமல் போனது.

அன்று அவர் வெட்டிய கம்பியில் ஒரு துண்டைப் புல்லிலிருந்து பொறுக்கி ஒளித்துவைத்தேன். நான் முறுக்கிய முறுக்கு அதில் அப்படியே இருக்கிறது. அவருடையதென்று என்னிடம் உள்ளது அது ஒன்றுதான். சனிக்கிழமை அடக்கத்துக்கு எடுத்து வருவேன், பார்த்துக்கொள்ளுங்கள். படலையைக் கட்டியவன் நான். நேற்று மகளுக்குச் சொன்னேன். அவள் இன்னும் என்னோடு கதைக்கவில்லை.