தூசிக்காக மூடிய கதவு

சித்தூரிலிருந்து வந்த ரயில் பாகாலாவில் நின்றிருந்தது. ஆரணியிலிருந்து திருப்பதி மலைக்குப் போகிற ஒருவர் எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் இருந்த துணிப்பையில் அச்சடித்த கடைப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஒரு வார்த்தை முழுதாக வாய்க்கு வந்துவிட்டால் எனக்கு இன்னமும் சிரிப்பு வந்துவிடும். அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் கைப்பேசி அடித்தது. மல்லிகாவின் தங்கை தேவி பேசினாள்.

“பெரிப்பா, அக்கா போய்ட்டா. ஆஸ்பத்திரிலேர்ந்து இட்டுக்கினு வராங்க. நீ கடைக்குப் போவாத, நேரா வூட்டுக்கு வந்துடு.”

மல்லிகாவுக்காகக் கொண்டுபோன அட்டைக் கட்டு என் மடியில் இருந்தது. திருப்பதி வரும்வரை அதைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

திருப்பதியில் மல்லிகாவின் லேமினேஷன் கடைக்கு வந்துபோன உங்கள் எல்லாருக்கும் அவரைத் தெரியும். சித்தூர் அச்சகத்தில் அடித்த அட்டைகளை நான் ரயிலில் கொண்டுவருவேன். அவர் அவற்றின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டித் தருவார். நான் திரும்ப எடுத்துப்போவேன். பல வருடமாக இதுதான் எங்கள் பழக்கம். வயதில் என் மகள் மாதிரி. ஆனால் இந்தத் தள்ளாத வயதில் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அதனால் ‘அவர்’ என்றே எழுதுகிறேன்.

எந்த வேலை வந்தாலும் முதலில் ஒன்று கேட்பார்: “இது எதுக்குப் பயப்படுது?” ஓட்டல் விலைப் பட்டியல் சாம்பார்க் கைக்குப் பயப்படும். அதற்குப் பளபளப்பான படலம். ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாம். பஜனைப் புத்தக அட்டை விளக்கு வெளிச்சத்தில் கண்ணைக் கூச வைக்கக் கூடாது. அதற்கு மங்கலான படலம், ஆனால் நகம் பட்டால் கோடு விழும். வருடம் முடிந்ததும் தூக்கிப் போடுகிற காலண்டருக்கு வார்னிஷ் பூச்சே போதும். “எல்லாத்துக்கும் ஒரே சட்டய மாட்டுனா எப்டி?” என்பார்.

நாராயணவனத்துப் பூக்காரர் ஒருவர் கூடையை மூடுகிற துணியோடு வந்த நாள் நினைவிருக்கிறது. துணியில் கடைப் பெயர் அச்சடித்திருந்தது. அதன்மேல் பிளாஸ்டிக் படலம் ஒட்ட வேண்டும் என்றார்.

“ஒரு சொட்டு எறங்கக் கூடாதுக்கா.”

“எறங்காது. உள்ள பூவு வேர்த்து அழுவிப் போவும். சாமிக்கு அழுவுன மாலயா போடுவ?”

“லேதக்கா, அதெல்லாம் இல்ல. பூ யாவாரம் நீ எனக்குச் சொல்றியா?”

“பூ உன் தொழிலு. மூடறது என் தொழிலு. மெழுகுப் பூச்சு போட்டுத் தரேன். தூறலுக்குத் தாங்கும், துணிக்கும் மூச்சு இருக்கும். பெருமழ வந்தா கூடயத் தூக்கினு ஓடு.”

முணுமுணுத்துக்கொண்டே போனார். அடுத்த மழைக்காலத்தில் இன்னொரு துணியோடு வந்து, “அதே பூச்சுக்கா” என்றார்.

துணிக்கு மூச்சு வேண்டும் என்று சொன்னவர் வேலை செய்த அறையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பசை தடவிய படலத்தின்மேல் தூசி விழுந்தால் அட்டையில் சின்னக் கொப்புளம் எழும். அதனால் வேலை நடக்கும்போது கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கும். மின்விசிறி ஓடாது. பசை வாடையில் எனக்குக் கண் எரியும், உள்ளே நிற்க முடியாது. அவர் மூக்கில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு நாளெல்லாம் நிற்பார்.

ஒருமுறை நான் கேட்டேன்: “அட்ட தூசிக்குப் பயப்படுது. நீ எதுக்கும்மா பயப்படற?”

“கஸ்டமருக்குத்தான் பெரிப்பா. ஒரு கொப்புளம் இருந்தாலும், இன்னா மல்லிகா, அட்டைக்கு அம்ம வார்த்துருக்குதான்னு கேப்பாங்க.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அந்தத் துணி தூசியைத் தடுக்கும், வாடையைத் தடுக்காது. துணியைப் பற்றி இவ்வளவு தெரிந்தவருக்கு இது மட்டும் தெரியாமலா இருந்திருக்கும்? இதை நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை.

ஒட்டிய அட்டைகள் காயும்வரை நான் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருப்பேன். தமிழ்நாட்டுப் பக்தர்களுக்காக அச்சடித்ததில் வீணான தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு அவரும் வந்து உட்காருவார். அப்படித்தான் பாடம் ஆரம்பித்தது. நானாகப் படித்த முதல் பெயர் அவருடையதுதான். தாளில் ‘மல்லிகா பூ மாலை’ என்று ஏதோ விளம்பரம். முதல் நான்கு எழுத்தில் பாதியை விரலால் மறைத்து, மீதியை மறைத்து, கடைசியில் சேர்த்துச் சொல்லிவிட்டேன். எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன்.

“கொயந்தைக்குப் பல்லு மொளச்சா மாதிரி இன்னா சந்தோசம் பாரு,” என்றார்.

அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்த நேரம்தான் அவருக்கு நல்ல காற்று கிடைத்த நேரம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. சீக்கிரம் படித்துவிட்டேன் என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னேன். இன்னும் கொஞ்சம் மந்தமாகப் படித்திருக்கலாம்.

நுரையீரல் கெட்டுப்போனது என்றார் டாக்டர். பசை வாடையாலா என்று தேவி கேட்டதற்கு, இருக்கலாம் என்றுதான் சொன்னார். அதற்கு மேல் எங்களுக்குத் தெரியாது.

காரியத்துக்கு வைக்க மல்லிகாவின் படத்தை அச்சடித்து வந்தோம். படலம் ஒட்ட வேண்டும். தேவி அக்காவின் இடத்தில் நின்று, அக்காவைப் போலவே ஜன்னலைச் சாத்தப் போனாள். இனி அந்த இயந்திரம் அவளுடையது.

“தொறந்தே வை,” என்றேன்.

“தூசி ஒக்காந்துக்கும் பெரிப்பா. அக்கா இருந்தா திட்டும்.”

“திட்டட்டும். நீ ஃபேன போடு.”

சாத்தப் போன ஜன்னலை விட்டாள். பிறகு கதவையும் திறந்தாள். மின்விசிறி கரகரவென்று சத்தம் போட்டுச் சுற்ற ஆரம்பித்தது. படம் உருளைக்குள் போய் வெளியே வந்தது. கன்னத்துப் பக்கம் ஒரு கொப்புளம். தேவி அழுதுவிட்டாள். வேறொன்று போடுகிறேன் என்றாள். சரி, அதையும் கதவைத் திறந்து வைத்தே போடு என்றேன். அதில் நெற்றிக்கு மேலே ஒன்று விழுந்தது. அதைத்தான் மாலை போட்டு வைத்தோம்.

முதல் படத்தை நான் எடுத்துக்கொண்டேன். சித்தூரில் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. கீழே உள்ள பெயரை இப்போது கூட்டாமல் படிக்கிறேன். கன்னத்துக் கொப்புளத்தின்மேல் விரலை வைத்தால் மெத்தென்று இருக்கும். படலத்துக்குள் கொஞ்சம் காற்று இருக்கிறது.