பெயர் வரும் இடம்

எங்கள் ஸ்டூடியோவின் சுவரெல்லாம் புதுப் பட்டுப்புடவை வாசனை அடிக்கும். ஸ்டூடியோ என்று நாங்கள்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். ஊரூர் குப்பத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை, அவ்வளவுதான். கீழே அம்மாவும் நானும், மேலே தம்பி. அப்பா போய் ரொம்ப வருஷமாகிறது. நான் தி.நகரில் ஒரு புடவைக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். அங்கே வாடிக்கையாளர்கள் உட்காரும் வெள்ளை மெத்தைகளை ஒருநாள் மொத்தமாக மாற்றினார்கள். பழையதை என்ன செய்யப் போகிறீர்கள் என்று முதலாளியிடம் கேட்டேன்.

"குடோன்ல கெடந்தா எலிதான் திங்கும். வேணும்னா கொண்டு போம்மா" என்றார்.

குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினேன். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, சீர் மெத்தை வந்து இறங்குகிறது என்று தெருவே பேசிக்கொண்டது. நானும் இல்லையென்று சொல்லவில்லை. நாலு நாள் மரியாதை கிடைத்தால் கசக்கவா செய்யும்?

தம்பி கானா பாடுவான். பகலில் வீடு வீடாகச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு கொடுக்கிற வேலை, சாயங்காலம் கடற்கரையில் கூட்டாளிகளோடு பாட்டு. தன் பாட்டைத் தானே பதிவு செய்து போனில் போட்டுவிட்டால் சினிமாக்காரர்கள் வாசலில் வந்து நிற்பார்கள் என்று நம்பினான். பழைய லேப்டாப் ஒன்று, மைக் ஒன்று, அதையும் இதையும் இணைக்கிற ஒரு சின்னப் பெட்டி என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. கம்ப்யூட்டர் படித்தவள் என்பதால் பதிவு செய்வது, வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் என் தலையில் விழுந்தது. 'ப' வரும் இடமெல்லாம் மைக்கில் காற்று புஸ்ஸென்று அடித்தது. என் எம்பிராய்டரி வளையத்தில் பழைய நைலான் துப்பட்டாவை இழுத்துக் கட்டி மைக்குக்கு முன்னால் நிறுத்தினேன். அது சரியானது. கடல் சத்தம்தான் சரியாகவில்லை. சுவர், கதவு, கூரை எல்லாவற்றிலும் மெத்தையைக் கட்டித் தொங்கவிட்ட பிறகு, யாரும் மூச்சுவிடாமல் சும்மா பதிவு செய்து கேட்டுப் பார்த்தோம். தூரத்தில் கடல் கேட்டுக்கொண்டே இருந்தது.

"கடல இன்னாத்தக்கா போட்டு மூடுறது" என்றான். அதோடு விட்டுவிட்டோம். எங்கள் பாட்டு எல்லாவற்றிலும் கடல் இருக்கிறது, காது கொடுத்துக் கேட்டால் தெரியும்.

மின்விசிறியை நிறுத்தினால்தான் பதிவு செய்ய முடியும். சித்திரை மாதத்தில் மெத்தை கட்டிய அறைக்குள் அரைமணி நேரம் பாடிவிட்டு வெளியே வந்தால், குளித்துவிட்டுத் துவட்டாமல் வந்தவன் மாதிரி இருப்பான். அப்படிப் பாடிய காதல் பாட்டுகளை அவன் கூட்டாளிகளைத் தவிர ஒருவரும் கேட்கவில்லை.

எங்களைத் தேடி வந்தது சாவுப் பாட்டுதான். எங்கள் பக்கம் ஒருவர் செத்தால் அவர் பேரைச் சொல்லி ஒரு கானா பாடியாக வேண்டும். அது இல்லாமல் எடுத்தால் அனாதையை எடுத்த மாதிரி. பக்கத்துத் தெருவில் ஒரு பெரியம்மா இறந்த அன்று பாடுகிறவர்கள் யாரும் கிடைக்கவில்லை. தம்பி மாடியில் பாடினான், நான் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன், ஸ்பீக்கரில் போட்டார்கள். அடுத்து பட்டினப்பாக்கத்திலிருந்து கேட்டார்கள். ஆற்றங்கரையிலிருந்து காலி செய்யப்பட்டு ஊருக்கு வெளியே மாடி வீடுகளுக்குப் போனவர்களும் கேட்டார்கள். அங்கே தெருவும் இல்லை, பாடுகிறவனும் இல்லை என்று ஒரு அம்மா போனில் அழுதாள்.

ஒவ்வொரு சாவுக்கும் புதுப்பாட்டுக் கட்டினால், மத்தியானம் மூன்று மணிக்கு எடுப்பதற்குள் எப்படிக் கொடுப்பது? அதனால் தம்பி ஒரே பாட்டை முழுதாகப் பாடி வைத்தான். போகிறவர் தன் தாயிடம் சொல்லிக்கொண்டு போவதாக ஆரம்பிக்கும். "போய்ட்டு வரேம்மா, பொழுதோட வரேம்மா." அடுத்த வரியில் தெரு அவரைக் கேட்கும், "எங்க போற, எங்க போற" என்று. அங்கே பேர் வரும் இடத்தை மட்டும் வெறும் தாளமாக விட்டுவிட்டோம். ஐஸ் பெட்டி வருவதற்கு முன்னால் எங்களுக்குப் பேர் வந்துவிடும். தம்பி அந்தப் பேரை மட்டும் பாடுவான், நான் அந்த இடத்தில் ஒட்டுவேன்.

எண்பது வயசுக்காரர் செத்தாலும் அம்மாவிடமா சொல்லிக்கொண்டு போவார் என்று ஒருமுறை கேட்டேன்.

"எந்த வயசா இருந்தா இன்னா, வீட்ட வுட்டு போம்போது அம்மாகிட்ட சொல்லிட்டுதான போவணும்" என்றான்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தான். கஷாயம், மாத்திரை, அப்புறம் ஆஸ்பத்திரி. டெங்கு என்றார்கள். ஒரு விடியற்காலையில் முடிந்துவிட்டது. எனக்கு இன்றுவரை அதை நல்ல வார்த்தையில் சொல்லத் தெரியவில்லை. என் தம்பி செத்துப்போனான். அவனுக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியதும் அவன் கூட்டாளி ஒருவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "யக்கா, புளியந்தோப்புலர்ந்து ஒரு பையன் கீறான். நல்லா பாடுவான். வரச் சொல்லட்டா?"

எனக்கு அவன்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. பாவம், அவன் என்ன செய்வான். ஆனால் ஊருக்கெல்லாம் இவன் பாடி அனுப்பினான், இவனை அனுப்ப வேறு எவனோ வந்து பாடுவதா? "என் தம்பிக்கு என் தம்பிதான் பாடுவான். நீ ஸ்பீக்கர கட்டு" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனேன். மூன்று மணிக்கு எடுப்பதாகப் பேச்சு.

கதவைச் சாத்தியதும் கீழே அழுகிற சத்தம் மங்கிப்போனது. கடல் எது, அழுகை எது என்று பிரித்துக் கேட்க முடியவில்லை. அவ்வளவு நன்றாகக் கட்டி வைத்திருந்தோம் இந்த அறையை. அவனுடைய பாட்டு முழுதாக இருந்தது. அவன் பேர் மட்டும்தான் இல்லை. நானே பாடலாம் என்று மைக்குக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

நாங்கள் கொடுத்த பாட்டையெல்லாம் இறந்தவர்களின் பேரில்தான் சேமித்து வைத்திருந்தேன். என் தம்பி பேர் ஒன்றும் அபூர்வமான பேர் இல்லை. பேருந்து நிறுத்தத்தில் நின்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பேரைத் தட்டித் தேடினேன். ஒன்று வந்தது. பட்டினப்பாக்கத்தில் ஆட்டோ ஓட்டிய ஒரு பெரியவர். அவருக்குப் பாடிய அன்று தம்பி, "யக்கா, என்னையே அனுப்பி வெக்கிற மாதிரி கீது" என்று சிரித்தான். வாய மூடிக்கினு பாடுடா என்று திட்டினேன்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த இடத்தை ஓட்டினேன். எங்க போற, எங்க போற என்று கேட்டுவிட்டு அவன் குரலே அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது. நடுக்கம் இல்லை, சுருதி விலகவில்லை. அந்தப் பெரியவரின் பிள்ளைகள் கேட்டுக்கொண்டபடி, பேருக்குப் பின்னால் நைனா என்று சேர்த்துப் பாடியிருந்தான். என் தம்பியை நைனா என்று கூப்பிட ஒரு பிள்ளை பிறக்கவில்லை. அந்த ஒரு வார்த்தையை வெட்டி எடுத்தேன். கண்ணீர் மறைத்து, திரையில் வெட்டுகிற கோட்டைத் தவறவிட்டு, திரும்பத் திரும்ப வெட்டினேன். எத்தனையோ வீட்டுக்கு இந்த வேலையைச் செய்திருக்கிறேன், செய்துகொண்டே கடலைமிட்டாய்கூடத் தின்றிருக்கிறேன்.

பென் டிரைவை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். தெருமுனையில் இரண்டு ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். மேளக்காரர்களைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னார்கள்.

அம்மா ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். மீன் விற்கும்போது உட்காருகிற மாதிரியே, ஒரு காலை மடக்கி. காலையிலிருந்து அழவில்லை, யாரோடும் பேசவில்லை. யார் யாரோ கட்டிப்பிடித்து அழுதார்கள், அதற்கும் அசையவில்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பாட்டு ஆரம்பித்தது. தெரு முழுக்க அவன் குரல். "போய்ட்டு வரேம்மா, பொழுதோட வரேம்மா."

அம்மா தலையைத் திருப்பவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"சாப்ட்டு போடா" என்றாள்.

சுற்றியிருந்த பெண்கள் ஓவென்று அழுதார்கள். அம்மா பதிலுக்காகக் கொஞ்சம் முகத்தைத் தூக்கிப் பார்த்தாள். பாட்டு நிற்கவில்லை. எங்க போற, எங்க போற என்று அடுத்த வரிக்குப் போய்விட்டது.