இரங்கலுக்கு ஓர் ஆட்சேபணை

காரைக்குடி நீதிமன்ற வளாகத்தில் வக்கீல் சேவுகப்பெருமாளை யாருக்கும் பிடிக்காது. ஆலையில் பொறியாளராக இருக்கும் அவர் மகள் ராஜப்ரியாவுக்கே பல நாள் பிடித்ததில்லை.

சிங்கம்புணரியிலிருந்து வந்து தொழில் தொடங்கியவர். முதலில் சிமெண்ட் ஏஜென்சி, அரிசி ஆலை என்று வியாபார வழக்குகள். பிறகு அரசுத் தரப்பு. கோப்பு இல்லாமல் வரும் அதிகாரியை வராந்தாவிலேயே காய்ச்சி எடுப்பார். டெங்குக் காய்ச்சலிலும் கையில் ஊசிப் பிளாஸ்திரியோடு போய் வாதாடினார். வாய்தா கேட்டதே இல்லை.

வக்கீல் ஒருவர் இறந்தால் சங்கம் இரங்கல் தீர்மானம் போடும். அன்று யாரும் கோர்ட்டுக்குள் போகமாட்டார்கள், வழக்கெல்லாம் தள்ளிப்போகும். ஒவ்வொரு முறையும் இவர் எழுந்து நிற்பார்.

"இரங்கலைச் சாயங்காலம் வச்சுக்கிருவோம். கட்சிக்காரன் பொழப்ப விட்டுப்புட்டு பஸ் ஏறி வந்து நிக்கான்யா."

அதற்காகவே அவரை ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

வியாழக்கிழமை நெஞ்சுவலியில் போய்விட்டார். மறுநாள் அவருடைய கடைசி வழக்கு. ஒரு பேரூராட்சியின் ஊரணியை வளைத்து ஒருவர் கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார். பேரூராட்சிக்காக இவர் வாதத்தை முடித்துவிட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் முத்தரசு பதில் வாதத்துக்கு வாய்தா மேல் வாய்தா வாங்கினார். நீதிபதிக்கு மாற்றல், வெள்ளிதான் கடைசி நாள். அன்று முடியாவிட்டால் புதியவர் முன்பு எல்லாம் முதலிலிருந்து.

வெள்ளி காலை ராஜப்ரியாவின் தம்பி அப்பாவின் சாம்பலைக் கரைக்கப் போனான். அவள் நீதிமன்றத்துக்குப் போனாள். சங்க அறையில் தீர்மானத்தை வாசித்துக்கொண்டிருந்தவர் முத்தரசு.

"ஈடு செய்ய முடியாத இழப்பு. ஆகவே இன்று முழுவதும்..."

"எங்க அப்பாவுக்கு இது ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"வாங்கம்மா, உக்காருங்க. மத்தவுகளுக்கு அவுக தடுத்தாக. அதுக்காக அவுகளுக்கு நாங்க செய்யாம இருக்க முடியுமா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்.

வாசலில் அப்பாவின் ஜூனியர் அகிலா கேஸ் கட்டோடு நின்றாள்.

"ரெண்டு தரப்பும் போகலைன்னாத்தான்க்கா தள்ளிவைப்பாரு. நம்ம மட்டும் போய் நின்னா, அவுகளுக்கு வாதம் இல்லைன்னு எழுதித் தீர்ப்புக்கு வச்சுருவாரு."

"அப்பப் போ."

"சங்கத்துல என்னையும் ஒதுக்கிருவாக."

"எங்க அப்பாவையுந்தான் ஒதுக்குனாங்க. செத்தா போயிட்..."

ராஜப்ரியா நிறுத்திக்கொண்டாள்.

அகிலா அவளைப் பார்த்தாள். கவுனை மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குள் போனாள்.

கோர்ட்டுக்குள்ளிருந்து டவாலி வழக்கைக் கூப்பிடும் குரல் வந்தது. "பேரூராட்சி தரப்பு ஆஜர்" என்றாள் அகிலா. சங்க அறை வரை கேட்டது. முத்தரசு தீர்மானத்தைப் பாதியில் மேசைமேல் போட்டார். கவுனில் ஒரு கை மட்டும் நுழைந்திருக்க, வராந்தாவில் ஓடினார். வேடிக்கை பார்க்க மொத்தச் சங்கமும் பின்னால் போனது.

மதியத்துக்குள் அவர் வாதம் முடிந்தது. சாயங்காலம் தீர்ப்பு என்றார் நீதிபதி.

வியர்வையைத் துடைத்தபடி முத்தரசு வெளியே வந்தார். ராஜப்ரியாவின் முன் நின்றார்.

"செத்தும் எங்கள விடமாட்டாகபோல உங்க அப்பா."

"வாய்தா கேட்டுப் பாக்க வேண்டியதுதானே?" என்றாள் அவள்.