மைக் வேண்டாத பலகை

நகரியைச் சுற்றியுள்ள ஊர்களில் கங்கையாவோடு சண்டை போடாதவர் யாராவது இருந்தால் அவர் இன்னும் அவனைச் சந்திக்கவில்லை என்று அர்த்தம். பஸ் கண்டக்டரோடு சண்டை, ரேஷன் கடையில் எடைக்கல்லுக்காகச் சண்டை, கரும்பு வெட்டப்போன இடத்தில் கட்டின் பருமனுக்காகச் சண்டை. சண்டை இல்லாத நாளில் இந்த மனுஷனுக்குச் சோறு இறங்காது என்று அவன் பெண்டாட்டி லட்சுமம்மாவே சொல்லியிருக்கிறாள். அவன் போட்ட சண்டைகளில் பாதிக்குமேல் நியாயம் அவன் பக்கம்தான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். அந்தத் தைரியத்தில்தான் மீதிப் பாதியையும் போட்டான்.

அவன் ஊர் ஆந்திராவில், திருத்தணிப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியது. அப்பன் காலம்வரை சொந்தமென்று ஒரு பிடி மண் கிடையாது. அரசாங்கம் பட்டா போட்டுக் கொடுத்த கல்லாங்குத்தில் கங்கையா கல்லைப் பொறுக்கி, வேர்க்கடலை போட்டு, தண்ணீருக்கு போரும் இறக்கினான். நாட்டுச் சந்தை திறந்துவிட்டது, எல்லாம் மாறிவிட்டது என்று பேப்பரில் கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டிருந்த வருடங்களில் அந்த போர் வற்றியது. ஊர்ப் பெண்களில் பாதிப்பேர் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார்கள். லட்சுமம்மாவும் போனாள். போய் நான்கு வருடம் ஓடிவிட்டது, அதில் ஒரு தடவைகூட அவள் ஊருக்கு வரவில்லை.

கங்கையாவின் கையில் மிஞ்சியது பலகை. மற்ற ஊர்களில் பறை, தப்பு என்பார்கள். அந்தப் பக்கத்தில் அந்தத் தோல் வாத்தியத்துக்குப் பலகை என்று பேர். நகரியில் பவர்லூம் வைத்திருந்த வேதாச்சலம் 'தேசம்மா பேண்டு' என்று ஒரு பாட்டுக் குழு நடத்திவந்தார். ஜாதரா என்று சொல்கிற அம்மன் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் போகும் குழு. பாட, கீபோர்டு வாசிக்க, கிதார் வாசிக்க என்று ஆட்கள் இருந்தார்கள். கங்கையாவை எட்டாவது ஆளாகச் சேர்த்தார். முதல் கச்சேரியிலேயே மைக்செட்காரன் எல்லாருக்கும் ஸ்டாண்டு நிறுத்தி மைக் வைத்துவிட்டு, கங்கையா பக்கம் வந்து, "ஒனக்கெதுக்கு மைக், போய் ஓரமா நில்லு" என்றான். எட்டிக் கழுத்தைப் பிடித்திருக்க வேண்டிய ஆள், அன்றைக்கு என்னவோ பேசாமல் ஓரமாய் நின்றான். நின்று அடித்த அடியில் ஸ்பீக்கர் சத்தமே அமுங்கிப்போயிற்று. அதிலிருந்து அந்த வசவையே அவன் பட்டமாக்கிக்கொண்டான். மைக்கெல்லாம் கையில் சக்தி இல்லாதவனுக்கு, என் பலகைக்கு மைக் ஆகாது என்று போகிற இடமெல்லாம் சொல்லித் திரிந்தான். பிற்பாடு ஒரு புண்ணியவான் பிரியமாக மைக் கொண்டுவந்து வைத்தபோதுகூட அதைக் காலால் தள்ளிவிட்டான்.

கீபோர்டு வாசித்தவன் சாய்குமார். திருப்பதியில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்துவிட்டு செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்த பையன். கங்கையாவைவிட இருபது வயது சின்னவன், ஆனாலும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான். அது ஒன்றே கங்கையாவுக்குப் போதும். போதாததற்கு அவன் கீபோர்டில் ஒரு ரிதம் பட்டன் இருந்தது. அதை அமுக்கினால் பலகை மாதிரியே சத்தம் வரும். ஒரு கல்யாணத்துக்கு கங்கையா பஸ் கிடைக்காமல் பிந்தி வந்தபோது, மாப்பிள்ளை வீட்டார் அந்த பட்டன் சத்தத்துக்கே ஆடிக்கொண்டிருந்தார்கள். அதைக் கண்ணால் பார்த்த நாளிலிருந்து சாய்குமார் எதைச் சொன்னாலும் கங்கையா அதற்கு எதிர்க்கட்சி.

இந்த லட்சணத்தில்தான் குவைத் வாய்ப்பு வந்தது. சித்தூர்ப் பக்கம் பாகாலா ஊர்க்காரர் கிருஷ்ணப்பா அங்கே கடை வைத்துப் பெரிய ஆளாகியிருந்தார். நம் பக்கத்து ஜனங்கள் அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், ஜாதரா பார்த்து வருடக்கணக்காகிறது, ஒரு பேண்டைக் கூட்டிப்போய் கச்சேரி வைக்கலாம் என்று கிளம்பியிருந்தார். முக்கியமாகப் பலகை வேண்டும் என்று சொல்லியிருந்தார். ஸ்டூடியோவில் செதுக்கியெடுத்த பாட்டு வேண்டாம், மேடையில் வாசித்ததை அப்படியே பதிவு செய்து கொடுங்கள், கேட்டுவிட்டு யார் யாருக்கு விசா என்று முடிவு பண்ணுகிறேன் என்பது அவர் பேச்சு. கங்கையா அந்த வார வெள்ளிக்கிழமையே, லட்சுமம்மா போனில் கூப்பிட்டபோது, "நான் அங்க வந்துக்கினே இருக்கேன்" என்று சொல்லிவிட்டான். விசா, டிக்கெட் எதுவும் வராத நேரத்தில் சொன்னது. அவளைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை அவனுக்குள் நெருப்பாய்ப் பற்றிக்கொண்டிருந்தது. அதை அவளிடம் சொல்லத் தெரியாமல் பயணத்தை மட்டும் சொன்னான்.

மேடைக் கச்சேரியை எதில் பதிவு செய்வது என்று பேச, அமாவாசையன்று தறி நிறுத்தியிருந்த கொட்டகையில் எல்லாரும் கூடினார்கள். மெட்ராஸிலிருந்து ஆளும் மெஷினும் வரவழைக்கலாம் என்று யாரோ தொடங்க, வேதாச்சலம் கையைக் காட்டியே நிறுத்திவிட்டார். சாய்குமார் ரயிலேறி மெட்ராஸ் ரிச்சி தெருவுக்குப் போய் நான்கைந்து கடை ஏறி இறங்கி வந்திருந்தான். செகண்ட் ஹாண்டில் ஒரு மினி டிஸ்க் ரெக்கார்டர், உள்ளங்கையில் அடங்குகிற பெட்டி. கூடவே ஒரே ஸ்டாண்டில் மாட்டுகிற இரண்டு மைக். மேடைக்கு எதிரே தள்ளி நிறுத்தினால் மேடையில் என்ன கேட்கிறதோ அது மொத்தமும் வந்துவிடும் என்றான்.

"எவ்ளோ ஆவும்?" என்றார் வேதாச்சலம்.

அவன் விலையைச் சொன்னான். வேதாச்சலத்தின் முகம் சுருங்கியது.

"மொதலாளி, நான் ஒண்ணு சொல்றேன்" என்று எழுந்தான் கங்கையா. "ஒங்க ஊட்ல துபாய் டேப்பு இருக்குது. பாகாலால இன்னொரு பேண்டுகாரங்க இன்னா பண்றாங்க, மிக்ஸர் பொட்டி பின்னால ஒரு ஒயர சொருகி நேரா டேப்ல உடுறாங்க. ஒயர் காசுதான் செலவு. நான் கண்ணால பாத்தேன்."

"லைன் ரெக்கார்டிங்னா அது வேற மேட்டர் கங்கையா, உனக்குத் தெரியாது, சும்மா இரு" என்றான் சாய்குமார்.

"இன்னாடா எனக்குத் தெரியாது? ரிச்சி தெருக்காரன் ஒனக்கு எவ்ளோ கமிஷன் தரான், அதச் சொல்லு மொதல்ல."

"கமிஷனா? என் கைக்காசு போட்டு ரயில்ல போய் வந்துக்கினு இருக்கேன்."

"கேட்டேனா ஒன்ன? சரி, மைக்க கூட்டத்து நடுவுல நிறுத்துனா விசில் சத்தமும் வருமா, வராதா?"

"கொஞ்சம் வரும்."

"பட்டாசு?"

"அதுவும் வரும். லைவ்னா அப்படித்தான்."

"கேட்டீங்களா மொதலாளி? குடிகாரன் விசிலும் பட்டாசும் விசா வாங்கி குவைத்துக்குப் போவணுமாம், அதுக்கு நீங்க மெஷின் வாங்கித் தரணுமாம்."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சாய்குமாருக்கு முகம் சிவந்தது. பதிலுக்கு ஏதோ சொல்ல வாயைத் திறந்தவன், கங்கையாவையே கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் பெட்டியின் விலை எழுதிய சீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டான்.

"சரி அண்ணா, உங்க இஷ்டம். ஒயரே போடலாம்" என்றான்.

அதுவரை அவன் கங்கையாவை அண்ணா என்று கூப்பிட்டதே இல்லை. கங்கையா அதைத் தன் வெற்றிக்குக் கிடைத்த மாலையாக எடுத்துக்கொண்டான். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் எதிரே வந்தவர்களையெல்லாம் நிறுத்திவைத்து, டிப்ளமா படித்தவன் வாயை எப்படி அடைத்தேன் என்று சொன்னான்.

பதிவு சித்தூர் கங்கம்மா ஜாதராவில் நடந்தது. பொழுது சாயும் வேளை. வேதாச்சலத்தின் டேப் மேடைக்குப் பின்னால், மிக்ஸர் பக்கத்தில் ஒரு ஸ்டூல் மேல் உட்கார்ந்திருந்தது. கங்கையா அன்று அடித்ததுபோல் அதற்கு முன்னும் அடித்ததில்லை, பின்னும் அடித்ததில்லை. வேண்டுதலுக்கு வேஷம் போட்டு வந்தவர்கள் மேடைக்கு முன்னால் நகராமல் நின்று ஆடினார்கள். தோள் விட்டுப்போகும் மாதிரி வலித்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. இந்தச் சத்தம் கடல் தாண்டிப் போகிறது, அவள் காதில் விழும் என்ற ஒரே நினைப்புதான் அவனுக்கு. சாய்குமார் அந்தப் பக்கம் தலை குனிந்து, தன் பட்டன்களைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மறு வாரம் கிருஷ்ணப்பா கேசட்டைக் கேட்க வேதாச்சலம் வீட்டுக்கு வந்தார். எட்டுப் பேரும் கூடியிருந்தார்கள். கங்கையா சட்டையெல்லாம் வெளுத்துப் போட்டுக்கொண்டு, கதவோரம் நின்றான். டேப் ஓடியது. பாட்டுக்காரியின் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவதுபோல் சுத்தமாய் வந்தது. கிருஷ்ணப்பா தொடையில் தாளம் போட்டார்.

"பலகை பலே இருக்குது" என்றார்.

கங்கையாவுக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு கணம்தான். அடுத்த அடி விழுந்ததும் அவன் காது நிமிர்ந்தது. அதற்கடுத்த அடியும் அப்படியே. ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, கடிகாரம் மாதிரி ஒரே அடி.

"இது நான் இல்ல" என்றான்.

டேப் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டுக்காரி மூச்சு வாங்கும் இடத்தில், எங்கோ பக்கத்துத் தெருவில் எவனோ ஆணி அடிக்கிற மாதிரி டொக் டொக் என்று ஒரு சத்தம். அதுதான் கங்கையா. பாட்டுக்காரியின் மைக்கில் தப்பித்தவறி விழுந்த மிச்சம்.

"இந்தப் பலகை கீபோர்டுலயே வருதா?" என்று சாய்குமாரைக் கேட்டார் கிருஷ்ணப்பா.

"ரிதம் பட்டன் சார். எப்பவும் தாளத்துக்கு மெல்லப் போட்டு வச்சிருப்பேன். ஸ்டேஜ்ல இவர் சத்தத்துல அது கேக்காது."

"அப்ப ஏழு பேர் போதுமே. ஒரு விசா, ஒரு டிக்கெட் மிச்சம்."

கங்கையா பாய்ந்து சாய்குமாரின் சட்டைக் காலரைப் பிடித்தான். "என் சத்தத்தத் துன்னுட்டியாடா? இன்னாடா பண்ண டேப்ப?"

"நான் ஒண்ணும் பண்ணல. மிக்ஸருக்குப் போனதுதான் டேப்ல வரும். கீபோர்டு ஒயர்ல போவுது, பாட்டு மைக்ல போவுது. உன் பலகைக்குத்தான் மைக்கே ஆகாதே." சாய்குமார் மூச்சுத் திணறிக்கொண்டே சொன்னான்.

"தெரிஞ்சிதான் அன்னிக்கு வாய மூடிக்கினியா?"

"சொல்ல வந்தேன். கமிஷன்காரன்னு சொன்ன. ஊரே சிரிச்சுது. அப்புறம் எதுக்குச் சொல்லணும்?"

வேதாச்சலமும் மற்றவர்களும் பிரித்துவிட்டார்கள். கிருஷ்ணப்பா எழுந்து நின்று வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "இந்த மாதிரி ஆள அங்க கூட்டிக்கினு போனா நம்மள மொத்தமா உள்ள தள்ளிடுவாங்க" என்று வேதாச்சலத்திடம் சொல்லிவிட்டுக் கேசட்டோடு புறப்பட்டார்.

சாய்குமார் செய்தது அயோக்கியத்தனம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வாய் திறக்காதவனை எந்தப் பஞ்சாயத்தில் நிறுத்துவது? வேதாச்சலம், கிருஷ்ணப்பாவுக்கு நேரிலேயே ஒரு தடவை வாசித்துக் காட்டிவிட்டு வா என்று கங்கையாவுக்குப் புத்தி சொன்னார். இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் கங்கையா பலகையைத் தோளில் மாட்டிக்கொண்டு திருப்பதியில் ரயில் மாறி பாகாலா போனான். லட்சுமம்மாவுக்காக வணங்கிப் பேசுவது என்று மனசைத் தயார்செய்துகொண்டுதான் போனான். கிருஷ்ணப்பா வீட்டு கேட்டில் நின்று கூப்பிட்டான். உள்ளேயிருந்து ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தாள். தோளில் பலகையைப் பார்த்ததும், "பின்பக்கமா வா" என்றாள்.

மைக்செட்காரன் ஓரமா நில்லு என்றபோது நின்றவன், இங்கே நிற்கவில்லை. அந்தத் தெருவே கேட்க ஐந்து நிமிஷம் கத்தினான். கிருஷ்ணப்பா மாடியிலிருந்து பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்தினார். நியாயம் கங்கையா பக்கம்தான். அந்த நியாயத்தோடு அடுத்த ரயிலில் ஊருக்கு வந்துசேர்ந்தான்.

ஏழு பேரும் மீனம்பாக்கத்தில் விமானம் ஏறினார்கள். கங்கையா லட்சுமம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஊரிலிருந்த ரங்கன் கடை போனுக்கு அவள் கூப்பிடுவாள், இவன் மழையில்லை, மாட்டுக்குக் காய்ச்சல் என்று ஏதாவது பேசிவிட்டு வைத்துவிடுவான்.

கச்சேரி முடிந்த மறுநாள் அவள் கூப்பிட்டாள். ரங்கன் ஆளனுப்ப, கங்கையா போய் எடுத்தான்.

"மேடத்து கால்ல விழுந்து லீவு கேட்டுக்கினு போனேன்" என்றாள். "புதுப் பொடவை கட்டிக்கினு முன்னாடியே குந்திக்கினு இருந்தேன். பலகை சத்தம் கேட்டுது. எட்டி எட்டிப் பாக்கறேன், அடிக்கிற ஆளையே காணோம்."

கங்கையா போன் ஒயரை விரலில் சுற்றினான்.

"முடிஞ்சதும் அந்த சாய்குமார் தம்பியக் கேட்டேன். அண்ணன் அவரே வேணான்னுட்டாருன்னு சொல்லுது. நெசமா?"

"அவன் பொய் சொல்றான்."

"அந்தத் தம்பிகூட சண்ட போட்டியா?"

"ஆமா."

"எதுக்கு?"

"ஒரு ஒயருக்கு."

அழுகிறாளா என்று கங்கையா போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். அழவில்லை. அவள் குரல் நன்றாகவே வந்தது.

"யாரு கெலிச்சது?"

"நான்தான்" என்றான் கங்கையா.