பதுளைக் கோச்சிக்கு முந்திப் போட்ட வோட்டு

எனக்கு எழுத்து ஓடாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. இரண்டு வரி எழுதிவிட்டு மூன்றாவதில் என்ன சொல்ல வந்தேன் என்று மறந்துபோவேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன தேர்தலில் என் மருமகன் கந்தோரிலேயே, தேர்தலுக்கு முன்னமே, தபால் வோட்டைப் போட்டுவிட்டு வந்து தேநீர் குடித்தார். எவ்வளவு லேசாகப் போய்விட்டது என்று நினைத்தேன். என் முதல் வோட்டு அப்படிப் போடப்பட்டதல்ல.

அது வெள்ளைக்காரர் ஆண்ட காலம். இரண்டாவது உலகச் சண்டை இன்னும் தொடங்கவில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் குடியிருந்தோம். என் கணவருக்குத் தபால் கந்தோரில் வேலை. அவரை மலைநாட்டில், பதுளைக்கு ரயில் போகிற வழியில் இருக்கிற பண்டாரவளைக்கு மாற்றினார்கள். முன்னால் போய் வீடு பார்த்துவிட்டு, எனக்கு ரயில் வாரண்ட் எடுத்து அனுப்பினார். அரசாங்க உத்தியோகத்தரின் குடும்பம் காசு கட்டாமல் பயணம் போகிற சீட்டு அது. அதில் எழுதியிருந்த நாளே வோட்டு நாளாகவும் வந்துவிட்டது.

வோட்டர் இடாப்பில் என் பெயர் இருந்தது. கலியாணப் பத்திரிகைக்குப் பிறகு என் பெயரை அச்சில் பார்த்தது அதில்தான். பார்த்த அன்றே, போடாமல் ரயில் ஏறுவதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். என்னைக் கூட்டிப்போக வந்திருந்தவர் கணவரின் தம்பி, எனக்கு மச்சான் முறை. அவரை விசாரித்து வரச் சொன்னேன்.

"முதல் நாளே போட்டிட்டு வர ஏலாதோ?"

"கேட்டனான் மச்சாள். முதல் நாள் பெட்டியே வராதாம்."

"தபாலிலை அனுப்பினால்?"

"அண்ணை தபால் கந்தோரிலை இருக்கிறார் எண்டு எல்லாத்தையும் தபாலிலை அனுப்பப் பாக்கிறியள். அவரின்ரை வோட்டே இஞ்சை சும்மா கிடக்குது. ஆள் நேரை வந்து நிக்கவேணுமாம்."

"அப்ப கதவு திறக்கேக்கை நான் அங்கை நிக்கவேணும்."

"நில்லுங்கோ. கோச்சி உங்களுக்காக நிக்காது."

விடிந்ததும் போனோம். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில்தான் வோட்டு. மச்சான் கேற்றுக்கு வெளியே டிரங்குப் பெட்டியின் மேல் இருந்துகொண்டார். பெண்களின் வரிசையில் நான் முதல் ஆள். எனக்குப் பின்னால் எங்கள் ஒழுங்கை முனையில் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளியின் மனைவி. நாங்கள் அவரை ராத்தா என்போம். ஆண்கள் கூடுவதற்கு முன் போட்டுவிட்டுப் போக, முக்காட்டை இழுத்துவிட்டபடி வந்து நின்றார்.

உள்ளே மேசையில் ஒரு சிங்களத் துரை. பக்கத்தில் இடாப்புப் பார்க்கிற தமிழ்க் கிளாக்கர். ஒரு பக்க வாங்குப் பலகையில் போட்டியிடுகிறவர்களின் ஆட்கள். நான் பெயர் சொன்னேன். கிளாக்கர் இடாப்பைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"இந்த ஒழுங்கையிலை இதே பேரிலை ரெண்டு பேர் இருக்கினம். புருசன்ரை பேரைச் சொல்லுங்கோ அம்மா."

எனக்கு வாய் வரவில்லை. அந்த நாளில் நாங்கள் கணவன் பெயரைச் சொல்வதில்லை. 'அவர்' என்போம், அல்லது 'இஞ்சை பாருங்கோ' என்போம். அந்தப் பெயர் என் நாக்குக்குப் பழக்கமே இல்லை.

வாங்கில் இருந்த ஒருவர், "புருசன்ரை பேர் தெரியாத பொம்பிளை. மற்றாளின்ரை வோட்டைப் போட வந்திருக்கிறா போலை" என்று சிரித்தார். துரை சிங்களத்தில் ஏதோ சொல்லி, என்னைத் தள்ளி நிற்கும்படி கையைக் காட்டினார். வெளியே மச்சான், "மச்சாள், நேரம் போகுது. நான் வந்து சொல்லட்டோ?" என்றார். பொலிஸ்காரன் அவரை உள்ளே விடவில்லை.

அப்போது ராத்தா முக்காட்டுக்குள் இருந்தே என் கணவரின் பெயரை முழுதாகச் சொன்னார். "தவால்காரன் இந்தப் பேரக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கே பாடம்" என்றார்.

"நீங்கள் சொல்லக்கூடாது. அவதான் சொல்லவேணும்" என்றார் கிளாக்கர்.

தள்ளி நின்றால் ரயிலும் போய்விடும், வோட்டும் போய்விடும். எனக்கு எங்கிருந்து துணிவு வந்ததோ, மேசைக்குக் கிட்டப் போனேன்.

"ஐயா, எனக்குப் பேர் தெரியும். சொல்லுறேல்லை, அவ்வளவுதான். ரெண்டு புருசன்மாற்றை பேரையும் நீங்கள் வாசியுங்கோ. எது எண்டு நான் சொல்லுறன்."

கிளாக்கர் துரையைப் பார்த்தார். துரை தலையாட்டினார். முதல் பெயரை வாசித்தார். "அது இல்லை" என்றேன். மற்றதை வாசித்தார். "ஓம்" என்றேன். துரை வாய்க்குள் சிரித்துக்கொண்டு சீட்டில் முத்திரை குத்தி என்னிடம் தந்தார்.

நான் நாலு அடி வைக்கவில்லை, ராத்தாவிடமும் அதே கேள்வி. அவரும் வாயே திறக்கவில்லை. என் பெயர்ச் சிக்கலுக்கு அவ்வளவு உரக்கப் பேசியவர், தன்னுடையதற்கு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் திரும்பி, கடைப் பலகையில் எழுதியிருந்தபடி முதலாளியின் பெயரைச் சொன்னேன். அவசரத்தில் 'அன் கொம்பனி' என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டேன்.

"கொம்பனிக்கு வோட்டில்லை" என்றார் வாங்குக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். கிளாக்கர் இந்த முறை கேட்காமலே பெயரை வாசித்தார். ராத்தா தலையை ஆட்டினார்.

திரைக்குப் பின்னால் போட்டியிடுகிற ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நிறத்தில் பெட்டி வைத்திருந்தது. விரும்பிய நிறத்துப் பெட்டியில் சீட்டைப் போடவேண்டியதுதான். போட்டுவிட்டு வெளியே வந்தேன். மச்சான் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினார், நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால். வெள்ளவத்தையில் கோச்சி பிடித்து, கோட்டை ஸ்டேஷனில் இறங்கி, பதுளைக் கோச்சியில் ஏறி இருந்தபிறகுதான் மூச்சு வந்தது.

பண்டாரவளையில் குளிர். அவர் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். மச்சான் நடந்ததை எல்லாம் ஒன்றுக்கு இரண்டாகக் கூட்டிச் சொன்னார்.

"என்ரை வோட்டுத்தான் வீணாப் போச்சு. நீர் எந்தப் பெட்டியிலை போட்டனீர்?" என்று அவர் கேட்டார்.

"உங்கடை பேரையே சொல்லேல்லை. பெட்டியின்ரை நிறத்தைச் சொல்லுவனோ?" என்றேன்.

அவர் பிறகு கேட்கவேயில்லை. கடைசிவரை நானும் சொல்லவில்லை.

ஒரு உதவி. மாற்றலாகிப் போன உத்தியோகத்தர் முன்கூட்டியோ தபாலிலோ போட அந்தக் காலத்தில் உண்மையாகவே வழி இருக்கவில்லையா, அல்லது மச்சான் சரியாக விசாரிக்கவில்லையா? நிறப் பெட்டிகள் அந்தத் தேர்தலில்தானா? எனக்கு நிச்சயமில்லை. இடாப்பும் சட்டமும் தெரிந்தவர்கள் யாராவது பார்த்து, பிழையாக இருந்தால் திருத்திவிடுங்கள்.