சொல்லி வைத்த கேக்

சீட்ஸ்காவுக்கு அது மூன்றாவது ஒப்பந்தம். மூன்று முறை தவணை வேலை கொடுத்தவர்கள் நாலாவது முறையும் கொடுத்தால் அது நிரந்தரம் என்பது எங்கள் நாட்டுச் சட்டம். அதனால் மூன்றாவது முடியப்போகிறது என்றாலே எங்கள் உருளைக்கிழங்குக் கொட்டகையில் யாருக்கும், நிரந்தரமாக்குவார்களா அனுப்பிவிடுவார்களா என்ற பயம்தான். நான் பத்தொன்பது வருட நிரந்தரம். அந்தப் பயமெல்லாம் எனக்கு மறந்தே போயிருந்தது.

எங்கள் எம்மெலோர்ட் ஊர்ப்பக்கத்துக் களிமண் லேசில் கிழங்கை விடாது. மழைக்காலத்தில் தரம் பிரிக்கும் இயந்திரம் அடைத்துக்கொண்டு நாளைக்குப் பத்துத் தடவை நிற்கும். சீட்ஸ்கா இருந்தால் ஒன்றோ இரண்டோதான். சத்தத்தைக் கேட்டே முன்கூட்டி வேகத்தைக் குறைத்துவிடுவாள்.

மேலாளர் ருட்கர் ஒருநாள் அவளிடம் வந்தார். "எப்படிச் செய்றேன்னு எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதிக் குடும்மா. எல்லாரும் கத்துக்கிட்டா வேலை வேகமா நடக்கும்ல?"

மதியம் அவள் ரொட்டியைத் தொடவே இல்லை.

"எழுதிக் குடுத்துட்டா அப்புறம் நான் எதுக்குக்கா?"

"எழுதலைன்னா ஒத்துழைக்கலைன்னு போட்டுடுவான். எழுதிக் குடு. இவ்வளவு தெரிஞ்சவளை விடறதுக்கு அவனுக்கென்ன பைத்தியமா?" என்றேன், எல்லாம் தெரிந்தவள் மாதிரி.

இரண்டு வருடமாக அவள் தங்கை வீட்டுச் சோபாவில்தான் தூங்கினாள். நிரந்தர வேலைக் கடிதம் இல்லாமல் யாரும் வாடகைக்கு வீடு தரவில்லை. மூன்று வாரம் உட்கார்ந்து நாற்பது பக்கம் எழுதினாள். ருட்கர் தோளில் தட்டிக்கொடுத்தார். எங்கள் ஊர் வழக்கப்படி நல்ல செய்தி யாருக்கு வருகிறதோ அவர்தான் மற்றவர்களுக்குக் கேக் வாங்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குக் கடையில் சொல்லி வைத்துவிடு என்று அவளை உசுப்பினவளும் நான்தான்.

வியாழக்கிழமை கடிதம் வந்தது. ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது, மிச்ச நாட்களுக்கு விடுப்பு எடுத்துக்கொள்ளலாம்.

"உன் வேலையில ஒரு குறையும் இல்லம்மா" என்றார் ருட்கர். "ஆறு மாசம் தாண்டட்டும், சட்டப்படி பழைய ஒப்பந்தக் கணக்கு அழிஞ்சிடும், மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம். அதுவரைக்கும்தான் நோட்டு இருக்கே."

வெள்ளிக்கிழமை அவள் கேக்கோடு வந்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இதை ஏன்டி கொண்டுவந்தே?"

"வேலையை விட்டுப் போறவங்களும்தானேக்கா வாங்கணும்? சொல்லி வெச்சது வீணாப் போவானேன்?"

கடைக்காரர் எழுதியிருந்த 'வாழ்த்துகள்' என்ற எழுத்தைக் கத்தியால் வழித்திருந்தாள். முதல் துண்டை எனக்கு வெட்டித் தந்தாள். அதைக் கையில் வாங்கவே எனக்குக் கூசியது.

வெளியே மழை. புதிதாக வந்த தற்காலிக ஆள் ஓட்டிக்கொண்டிருந்த இயந்திரம் கரகரத்து நின்றது. எல்லாரும் அவளைத்தான் பார்த்தோம். பழக்கத்தில் கத்தியை வைத்துவிட்டு எழுந்து, இரண்டு அடி போய்விட்டாள். பிறகு திரும்பி வந்து, மேசைமேல் கிடந்த நோட்டை எடுத்து என் பக்கம் தள்ளினாள்.

"பதினாலாம் பக்கம், அக்கா."